அலமூத்தில் வாடகைக்கு அறை

செர்ரி பழுக்கும் மாதத்தில்தான் வருவார்கள்.
பையை இறக்கி வைக்கும் முன்பே கேட்டுவிடுவார்கள்:
அந்தத் தோட்டம் எங்கே?

பாலும் தேனும் ஓடுமாமே,
மதுக் கிண்ணத்தோடு பெண்கள் காத்திருப்பார்களாமே,
மயக்கம் தெளிந்த இளைஞன்
சொர்க்கத்துக்குப் போய் வந்தோமென்று நம்பிக்
கத்தியோடு மலை இறங்குவானாமே.

நான் கோல்னெசா.
கோட்டைப் பாறையின் அடியில் இரண்டு அறை,
ஒரு வெந்நீர்க் குழாய், பதினேழு செர்ரி மரம்.
எங்கள் தோட்டத்தைக் காட்டுவேன்.
படம்கூட எடுக்காமல் நகர்ந்துவிடுவார்கள்.

கொழுந்தன் யதொல்லா பிழைக்கத் தெரிந்தவன்.
வடக்கு விளிம்பில் அவர்களை நிறுத்திக்
குரலைத் தாழ்த்துவான்:
"தலைவர் கையசைத்தார். இங்கிருந்துதான் குதித்தார்கள்."
எனக்குத் தெரிந்து அங்கிருந்து விழுந்தது
எங்கள் சாம்பல் நிற ஆடு ஒன்றுதான்.
அதற்கு யாரும் கையசைக்கவில்லை.

தோண்ட வந்தவர்களுக்கு
மூன்று கோடை சமைத்துப் போட்டேன்.
மத்தியானத்தில் பல் தேய்க்கும் பிரஷ்ஷால்
சில்லுகளைக் கழுவிக் கொடுப்பேன்.
நீலம் பூசிய ஓடு. கரிந்த கோதுமை.
பாறையைக் குடைந்த தொட்டிக்கு
மழைத் தண்ணீரைக் கூட்டி வந்த
விரலகல வாய்க்கால்.
கத்தியா? கிடைத்தது, ஒன்றே ஒன்று.
பிடி மக்கி, என் கட்டைவிரல் நீளத்தில்.
நாணல் எழுதுகோல் சீவுவது என்றாள்
டெஹ்ரானிலிருந்து வந்த மாஹ்ரோக்.
கழுவக் கழுவக் கறுப்பாய்த்தான் வந்தது.
மையோ துருவோ.

கொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன்.
கொன்றார்கள்.
வெள்ளிக்கிழமைத் தொழுகையில், பல்லக்கின் ஓரத்தில்,
மனுவை நீட்டிய கையோடு.
குத்திய பிறகு ஓடவும் இல்லை,
நின்ற இடத்திலேயே பிடிபட்டார்கள்.
சேதி வந்த இரவு
அவன் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று
எந்த ஏட்டிலும் இல்லை.

ஏடுகளே இல்லையே!
மங்கோலியர் வந்தார்கள், நூலகம் எரிந்தது.
தீ மூட்டியவர்கள் பக்கம் இருந்த பேனாதான்
மிச்சக் கதையையும் எழுதியது.
கஞ்சாக்காரன் என்று பகைவன் வீசிய வசவு
கப்பலேறிக் கரை மாறிக்
கொலைகாரனுக்குப் பெயராகி
ஊர் ஊராய்க் குடித்தனம் நடத்துகிறது.
நல்ல பெயர் நடந்துதான் போகும்,
வசவுக்கு எப்போதும் குதிரை கிடைத்துவிடுகிறது.

போன இலையுதிர் காலத்தில் ஒரு படக்குழு.
யதொல்லாவுக்கு முக்காடு வைத்த வெள்ளை அங்கி,
பிளாஸ்டிக் கத்தி.
"கண்ணில் வெறி வேண்டும்" என்றான் இயக்குநர்.
இவனுக்கோ இடது கண்ணில் புரை,
காற்றடித்தால் நீர் வழியும்.
அந்த நீரைத்தான்
சொர்க்கம் கண்ட பரவசமென்று
பக்கத்தில் வைத்துப் படமெடுத்தார்கள்.
கூலி, ஆட்டின் விலையில் பாதி.

என் மகன் பார்பத்
செல்போனில் கூரை விட்டுக் கூரை தாவுகிறான்.
"அம்மா, இவன் நம்ம ஊர்க்காரன்!"
சாப்பிட வாடா என்றேன்.

ஒருவர் மட்டும் கேட்கவில்லை.
படக்‌ஷானிலிருந்து வந்த லாரி ஓட்டுநர்,
பெயர் தவ்லத்பெக்.
எங்கள் முன்னோரும் இந்த வழிதான் என்றார்,
அதற்கு மேல் பேசவில்லை.
ஏறிப் போனார்.
தொட்டித் தண்ணீரில் கை வைத்தபடி
வெகுநேரம் உட்கார்ந்திருந்ததை
கீழிருந்து பார்த்தேன்.
இறங்கி வந்து ஒரு கிலோ செர்ரி வாங்கினார்,
பேரம் பேசாமல்.

அவருக்குப் பின் ஒன்பது நாள்
இரண்டாவது அறை காலி.
மின்சார பில் வந்தது.
பத்தாம் நாள் இறங்கிய இரண்டு பேர்
கேட்டார்கள், தோட்டம் எங்கே?

நான் கையை நீட்டினேன்,
எதிர் மலையின் முதுகுக்கு அப்பால்.
அங்கேதான், அரை நாள் நடை.
இப்போது பாதை சரிந்து கிடக்கிறது,
அடுத்த ஆண்டு வாருங்கள்.

அறை வாடகை முன்பணம்.