கம்பி அழிக்கிறவன்

அல் கூஸில், டயர் கிடங்குக்கும்
தண்ணீர் கம்பெனிக்கும் நடுவே
ஜன்னலில்லாத அறையில் என் வேலை:
பறக்கிறவர்களின் இடுப்பிலிருந்து
கம்பியை அழிப்பது.
நொடிக்கு இருபத்தைந்து படம்.
அழித்த இடத்தில் ஒவ்வொரு முறையும்
கொஞ்சம் வானம் வைக்க வேண்டும்.

பாறையைத் தலைக்குமேல் தூக்கினானே ஒருவன்,
அது தெர்மகோல்.
காற்றில் உருண்டு ஓடியதை
லைட்மேன் வின்சிலாஸ் ஒரு கையால் அமுக்கிக்கொண்டு
மறுகையால் டீ குடித்த காட்சியை
நானே வெட்டி எறிந்தேன்.
கயிறு கட்டி விமானம் இழுத்தவனுக்கு முன்னால்
ஒரு டிராக்டர் இருந்தது.
அதன் நிழலை மறந்துபோய்
இரண்டு நாள் கழித்து அழித்தேன்.
இரண்டு நாளும் ஓடுதளத்தில்
யாருடையதும் அல்லாத ஒரு நிழல் ஊர்ந்தது.

அப்புறம் பெஹ்ரூஸ் வந்தான்.
கடலுக்கு அந்தப் பக்கம், பந்தர் அப்பாஸ்.
பளுதூக்குகிறவன்.
மோர் விளம்பரம்.
ஒரே மூச்சில் புட்டியைக் காலி செய்துவிட்டு
மணலில் புதைந்த பிக்கப்பின் பின்பக்கத்தை
இடுப்புவரை தூக்கி நிறுத்த வேண்டும்.

படம் என் மேஜைக்கு வந்தது.
கம்பியைத் தேடினேன்.
பம்பருக்குக் கீழே, நம்பர் பலகைக்குப் பின்னால்,
மணலுக்குள் ஜாக்கி ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று
முந்நூற்றுப் பன்னிரண்டு ஃப்ரேமையும்
பேன் பார்ப்பதுபோல் பார்த்தேன்.
விடிகாலை நாலு மணிக்கு வின்சிலாஸை எழுப்பினேன்.
‘கம்பியை எங்கய்யா கட்டினீங்க?’
‘கட்டலியே’ என்றார் கொட்டாவியோடு,
‘இன்ஜினக்கூட கழட்டல.’

காலையில் டைரக்டர் வந்தார், பெய்ரூத்காரர்.
இரண்டு தரம் ஓட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.
பொய் மாதிரி இருக்கிறதே.
வண்டியும் நடுங்கவில்லை, ஆளும் நடுங்கவில்லை.
யார் நம்புவான்?

நடுக்கம் செய்தேன்.
கழுத்தில் ஒரு நரம்பு ஏற்றினேன்.
நெற்றியில் மூன்று துளி வைத்து
ஒன்றை மட்டும் கண்ணுக்குள் விழவிட்டேன்.
இப்போது சரி என்றார்.

மோரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.
விளக்குச் சூட்டில் திரிந்துவிடும் என்று
கிழங்கு மாவைக் கரைத்து ஊற்றியிருந்தார்கள்.
எப்படியும் பெஹ்ரூஸுக்குப் பால் பண்டம் ஆகாது.
தலை திருப்பித் துப்பினான்.
துப்பிய வாளியின் காது
ஃப்ரேமின் ஓரத்தில் தெரிந்தது.
அந்தப் படத்தில் நான் அழித்தது
அது ஒன்றைத்தான்.

ஷார்ஜாவில், ரோலா பக்கம் எங்கள் அறை.
கிரிக்கெட்டில் ஓவருக்கு ஓவர் பெஹ்ரூஸ் வந்தான்,
என் நரம்போடும் வியர்வையோடும்.
‘அத்தனையும் கிராபிக்ஸ்’ என்றார்
கீழக்கரை செய்யது மீராசா.
இல்லை என்றான் புளியங்குடி சுடலைமுத்து.
தோற்றவர் ஒரு வாரம் பாத்திரம் தேய்ப்பதாகப் பந்தயம்.
என்னைக் கேட்டார்கள்.

‘தூக்கினது நிஜம், குடிச்சதுதான் பொய்.’

சோற்றுப் பருக்கை தெறிக்கச் சிரித்தார்கள்.
குடிக்கிறதில் எவனாவது பொய் சொல்வானா?
சம்பளம் வாங்குறவன் சாட்சி செல்லாது என்றார் மீராசா.
எல்லாம் பொய் என்று சொல்லியிருந்தால்
அப்போதே நம்பியிருப்பார்கள்.

ராத்திரி பதினொன்றுக்கு, பள்ளிவாசல் பின்புறம்,
மண் தரையில் மீராசாவின் பழைய நிஸான்.
சுடலைமுத்து கைலியை மடித்துக் கட்டி
பம்பரைப் பிடித்தான்.
ஏசி யூனிட் சுமந்து மாடி ஏறுகிற உடம்பு.
ஸ்பிரிங் முனகியது. வண்டியின் முதுகு உயர்ந்தது.
தூக்கிட்டேன் என்றான்.
‘ஸ்பிரிங்குதான்டா எந்திரிச்சுது,
டயர் அங்கேயேதான் கிடக்கு’ என்றார் மீராசா.
மொபைலில் எடுத்த பையன்
பாதி நேரம் தன் செருப்பை எடுத்திருந்தான்.

இப்போது அந்தத் துண்டு என்னிடம் இருக்கிறது.
ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கினேன்.
பதினேழாவது ஃப்ரேமில்
டயருக்கும் மண்ணுக்கும் நடுவே
ரோமம் பருமனில் ஒரு கறுப்புக் கோடு.
இடைவெளியா நிழலா, பிடிபடவில்லை.
கம்பி இல்லை, அதை மட்டும் சொல்ல முடியும்.

நாலு நாளாகக் குக்கர் தொட்டியில் கிடக்கிறது.
கேட்டால்
பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்கிறேன்.