ஒப்படைப்பு ரசீது

தேர்தல் தேதி அறிவித்த மறுநாள்
ஏட்டு போன் பண்ணிவிடுவார்.
"அண்ணே, உங்க ஆளக் கொண்டாந்து விட்ருங்க."
ஆள் என்றுதான் சொல்வார்.
துப்பாக்கி என்று போனில் சொல்ல
அவருக்கும் கூச்சம்.

பழைய சீலையில் சுற்றி
டிவிஎஸ் வண்டியின் பக்கவாட்டில் கட்டி
சாப்டூர் ரோட்டில் போவேன்.
யாரும் கேட்பதில்லை.
நீளமாய் எதைச் சுற்றிக் கொண்டுபோனாலும்
இந்தப் பக்கம் அது மோட்டார்க் குழாய்தான்.

ரைட்டர் நம்பரைச் சத்தமாய் வாசிப்பார்.
ஒற்றைக்குழல். பன்னிரண்டு போர்.
கட்டையில் விரிசல், செம்புக்கம்பி சுற்றியது.
இதுவரை பதினோரு ரசீது.
பஞ்சாயத்து, சட்டசபை, பாராளுமன்றம், ஒரு இடைத்தேர்தல்.
காய்ச்சலில் கிடந்து நான் ஓட்டுப் போடாத தேர்தலுக்கும்
அது தவறாமல் போய் உட்கார்ந்திருந்தது.

அது இல்லாத ஐம்பது நாளும்
வீட்டில் நல்ல தூக்கம்.
பீரோவுக்குப் பின்னால் அது நின்ற இடத்தில்
ஜெயக்கொடி அரிசி மூட்டையை நகர்த்தி வைப்பாள்.
"இப்படியே விட்டுட்டு வந்துருங்களேன்."
விட்டால்தான் என்ன, என்பேன் நானும்.
ரிசல்ட் வந்த வாரத்தில்
ரசீதைத் தேடி டப்பா டப்பாவாய்த் திறப்பதும் நான்தான்.

பன்றிக்காக வாங்கியது.
மலையடியில் நிலக்கடலை போட்டவனுக்கு
பயிர்ப் பாதுகாப்பு என்று லைசென்ஸ் கொடுத்த காலம்.
சுட்டது மூன்று தடவை.
முதலில் வானத்தை.
அடுத்தது, பன்றியென்று நினைத்து
காசிமாயனின் கிடேரியை.
மூன்றாவது,
அது துடிப்பதை நிறுத்த.

நாலாயிரம் கொடுத்தேன்.
எண்ணாமல் மடியில் சொருகினான்.
பிறகும் ஒரே வாய்க்காலில்தான் தண்ணீர் பாய்ச்சினோம்.
அவன் மகள் காதுகுத்துக்கு மொய் எழுதினேன்.
ஒருநாளும் அதைப் பற்றி அவன் பேசவில்லை.
பேசியிருந்தால்
அப்போதே விற்றிருப்பேனோ என்னவோ.

விற்கப் போகாமலும் இல்லை.
மதுரையில், மேலமாசி வீதியை ஒட்டிய சந்தில் கடை.
சுலைமான் ராவுத்தர் குழலை முறித்து
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.
"இரும்பு விலைக்கே யோசிக்கணும்."
கோபம் வந்தது எனக்கு.
நமக்கே பிடிக்காத ஒன்றை
அடுத்தவன் பழித்தால் வருமே, அது.
திருமங்கலம் பஸ்ஸில்
மடியில் வைத்தே திரும்பினேன்.

இன்னொரு தடவை ஆளே தேடி வந்தார்,
வாடிப்பட்டியில் தோப்பு வாங்கிய டாக்டர்.
கேட்டதற்கு மேல் ஐயாயிரம் சொன்னார்.
தாலுகா ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ்
எல்லாம் அவர் பொறுப்பு.
கையில் கொடுத்ததும் தோளில் பொருத்தி
ஒரு கண்ணை மூடி
சும்மாதான்
தொழுவத்தில் அசைபோட்ட மாட்டுக்குக் குறிவைத்தார்.
டுமீல் என்று வாயால் சொல்லிச் சிரித்தார்.

"தர்றதா இல்ல சார்."

காப்பித் தம்ளரோடு வந்த ஜெயக்கொடி
அப்படியே உள்ளே திரும்பிப் போனாள்.
கோபம் யார்மேல் என்று
இன்றுவரை கேட்கவில்லை.

இந்தத் தடவை வாங்கப் போனபோது
ரைட்டர் ஒரு வெள்ளைத்தாள் நீட்டினார்.
"மனு எழுதிக் குடுத்துட்டா நிரந்தரமா எடுத்துக்குவாங்க.
உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்."
பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன்.
அனுப்புநர். பெறுநர். பொருள்.
காரணம் என்ற இடத்தில்
பேனா மை தீரவில்லை, தீர்ந்ததென்று சொன்னேன்.
பன்றி இப்போதும் வருகிறது.
நான் சுடுவதில்லை.
இதை எந்தக் காரணத்தில் சேர்ப்பது?

திரும்பும்போது விலக்கு ரோட்டில்
காசிமாயன் கைகாட்டினான்.
பின்னால் ஏறினான்.
கயிறு தளர்ந்து சீலை நழுவியதை
கேட்காமலே உருவி எடுத்து
தன் மடியில் குறுக்கே வைத்துக்கொண்டான்.

ஊர்வரைக்கும் பேசினோம்.
கிணற்றில் தண்ணீர் எத்தனை அடி,
கடலை விதை என்ன விலை.

பள்ளம் வந்தபோதெல்லாம்
கட்டை இடித்துவிடாதபடி
தூக்கிப் பிடித்தான்.