காணவில்லை

இரவு பதினொன்று நாற்பதுக்கு எழுதினேன்:
குடல்வால் காணவில்லை.

சுவரொட்டியில் போடுவதுபோல
மீதியையும் எழுதியிருக்கலாம்.
நீளம், என் சுண்டுவிரல்.
நிறம், திரையில் சாம்பல்.
வழக்கமாக இருக்குமிடம், வலது இடுப்பெலும்பின் உட்புறம்.
கடைசியாகப் பார்த்தவர் யாருமில்லை.

பெக்தெமிருக்கு ஏழு வயது.
நாரினுக்கு மேலே, பனி மூடிய மேய்ச்சல் வீட்டிலிருந்து
அப்பாவின் கம்பளிக் கோட்டுக்குள் சுருண்டு வந்தான்.
குதிரை, பிறகு பால் வண்டி, பிறகு எங்கள் ஆம்புலன்ஸ்.
ஒவ்வொரு குழியிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டானாம்.

ஜெல் புட்டியை ஹீட்டர்மேல் வைத்திருந்தேன்.
ஆனாலும் சிலிர்த்தான்.
ஒரே ஒரு விரலால் காட்டு என்றேன்.
தொப்புளைக் காட்டினான்.
ஊசிக்குப் பயந்தவர்கள் எல்லோரும்
தொப்புளைத்தான் காட்டுகிறார்கள்.

எங்கள் பேச்சில் அதற்குக் குருட்டுக்குடல் என்று பெயர்.
குருடைத் தேடிப் போகிறது
யார் காதுக்கும் எட்டாத ஓர் ஓசை.
போய், முட்டி, திரும்புகிறது.
எங்கும் வாயு.
மூடுபனியில் கணவாய் மாதிரி:
சாலை அங்கேதான் இருக்கிறது, என்ன பயன்.

அறுவை மருத்துவர் எமில்பெக் வாசலில் நின்றார்.
"உண்டா, இல்லையா?"
இல்லை என்பது வேறு, டாக்டர்.
காணவில்லை என்பது வேறு.
"அப்படியானால் சி.டி. எடுத்துவிடுவோம்."
கீழ்த்தளத்தில் இருக்கிறது அந்த வளையம்.
நிமிடத்தில் சொல்லிவிடும், மறுக்கவில்லை.
ஆனால் ஏழு வயது உடம்பில்
கதிர் எழுதிவிட்டுப் போகும் கணக்குக்கு
யாரும் ரசீது தருவதில்லை.
நாலு மணி நேரம் கேட்டேன்.
கொடுத்தார்,
கடன் கொடுப்பவர் முகத்தோடு.

தேநீர் ஆறியது. இன்னொன்று, அதுவும்.
செவிலி பெர்மெட் காய்ச்சல் பார்த்தாள்.
முப்பத்தேழு புள்ளி ஒன்பது.
முப்பத்தெட்டு புள்ளி நாலு.
நிதானமா, பிடிவாதமா?
உள்ளிருந்து பார்க்கையில் இரண்டுக்கும் ஒரே முகம்.

மூன்று பத்துக்கு அப்பா ஓடிவந்தார்.
"வலி போய்விட்டதாம்! எழுந்து உட்கார்ந்திருக்கிறான்!"
சிரித்தார்.
எனக்கு உள்ளங்கை வியர்த்தது.
உடைந்தாலும் வலி போகும்,
கொஞ்ச நேரத்துக்கு.
அதை அவரிடம் சொல்லவில்லை.

இந்த முறை இடப்பக்கம் ஒருக்களிக்க வைத்தேன்.
முதலிலேயே செய்திருக்க வேண்டும்.
அழுகிறானே என்று விட்டுவிட்டேன்.
எந்த அறிக்கையிலும் இல்லாத வரி இது.

விலா ஓரமாக, மெல்ல, அழுத்தி, இன்னும் அழுத்தி
காற்றை ஒதுக்கினேன்.
பெருங்குடலுக்குப் பின்னால் பதுங்கியிருந்தது.
ஒன்பது மில்லிமீட்டர்.
அழுத்தினால் நசுங்க வேண்டும். நசுங்கவில்லை.
நடுவில் வெள்ளையாய் ஒரு கல்,
கல்லுக்குப் பின்னே அதன் நிழல்.
சுற்றிலும் நீர் கசிந்திருக்கிறதா என்று தேடினேன்.
இல்லை.
இம்முறை துணிந்து, இல்லை என்றே எழுதினேன்.

வலிக்கிறதா?
"இல்லை" என்றது வாய்.
வயிறு என் கையைத் தள்ளியது.
வலி எங்கும் போகவில்லை,
பயல் சொல்லிப் பார்த்திருக்கிறான்,
விட்டுவிடுவார்களா என்று.

அப்பா சதிர்பெக் திரையருகே குனிந்தார்.
குளிர்காலம் தவறாமல் ஆடு அறுக்கும் கை,
எந்தத் துண்டு எங்கே என்று
இருட்டிலும் தெரிந்த கை.
"எங்கள் ஆட்டில் இப்படி ஒன்று கிடையாதே" என்றார்,
யாரோ ஏமாற்றி விற்றுவிட்டதுபோல.
ஆட்டுக்குக் கிடையாது, ஆமாம்.

ஐந்தரைக்கு எமில்பெக் கையுறையைக் கழற்றியபடி
"இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால்" என்று தொடங்கி
முடிக்காமல் நடந்தார்.
நானே முடித்துக்கொண்டேன்,
பல விதமாக.

பதினொன்று நாற்பதின் வரியை
அடிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை.
கீழே, விரற்கடை வெள்ளை விட்டு,
மூன்று இருபத்தைந்து.
இரண்டிலும் என் கையெழுத்து.
இரண்டாவது கொஞ்சம் கோணல்.