மறுபக்கம்

விரிசல் செத்ததா, உயிரோடு இருக்கிறதா,
அது தெரியாமல் கை வைக்க மாட்டேன் என்றேன்.
நடேசன் செட்டி சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
சனிக்கிழமை வீடு பார்க்க ஆள் வருகிறதாம்.
பட்டி போட்டுப் பெயின்ட் அடித்தால் ஆயிற்று
என்பது அவர் கணக்கு.

சாட்ஸ்வர்த்தின் இந்தச் சரிவில்
வீடுகள் இரண்டிரண்டாய் ஒட்டிப் பிறந்தவை.
நடுவில் ஒரே கான்கிரீட்:
இங்கே இவர் அடுப்பு, அங்கே ரத்னம் ரெட்டியின் அடுப்பு.

விரிசலின் குறுக்கே விரல் நீளக் கண்ணாடி ஒட்டி
பென்சிலால் எழுதினேன், ஜூன் மூன்று.
பன்னிரண்டாம் நாள் கண்ணாடி இரண்டு.
பந்து பட்டிருக்கும் என்றார்.
பந்து பட்டால் நட்சத்திரம்போல் சிதறும்;
இது கோடு கிழித்தாற்போல், விரிசலின் மேலேயே.

தோண்டினோம். அடித்தளத்தை ஒட்டிய பழைய குழாய்
எத்தனை மழைக்காலமாகவோ மண்ணை நக்கிக்கொண்டிருந்தது.
அதை மாற்றி, மண் இறுக்கி, புதுக் கண்ணாடி ஒட்டினோம்.
ஆகஸ்ட் முடிந்தும் அது முழுசாய் இருந்தது.

அந்தப் பக்கமும் அடைக்கவேண்டும், கேளுங்கள் என்றேன்.
கேட்கமாட்டேன் என்றார்.
பதினொரு வருடம் முன்பு,
யார் கூரையில் யார் டிஷ் ஆண்டெனாவின் போல்ட் என்று
ஏதோ விவகாரம்.
தப்பு என்னுடையதுதான். தெரிந்தே பம்பைப் போட்டேன்.

கீழ்த்துளையில் தொடங்கவேண்டும்.
பிசின் அடுத்த துளையில் எட்டிப் பார்த்ததும்
கீழே மூடி, மேலே ஏறவேண்டும்.
முதல் துளை. இரண்டாவது.
மூன்றாவதில் ஒன்றும் வரவில்லை.
ஒரு லிட்டர் போயிற்று. ஒன்றரை.
"மிஸ் கோகி, இந்தச் சுவருக்கு வயிறு இருக்கு"
என்றான் பேக்கானி.

அப்போதுதான் சுவருக்குள்ளிருந்து:
"யாருடா அது! என் அரிசி டின் மேலே தேன் ஒழுகுது!"

துணியும் மெழுகுப்பட்டியும் எடுத்துக்கொண்டு
வாசல் சுற்றி ஓடினேன்.
ரத்னம் ரெட்டி ஒரு குழம்புக் கரண்டியை
ஒழுகலுக்கு அடியில் பிடித்தபடி நின்றார்,
சொட்டுக்கூட வீணாகக்கூடாது என்பதுபோல.
விடுங்கள் ஐயா, நாற்பது நிமிடத்தில்
கரண்டியும் கல்லாகும் என்றேன்.
விடவில்லை.

அடைத்தேன். மீண்டும் பம்ப்.
மூன்று, நான்கு, ஐந்து;
ஜன்னல் மூலைவரை ஏறி நின்றது.

பிசின் மூன்று லிட்டர்,
பில் யார் பெயருக்கு என்று பேக்கானி கேட்டான்.
அவர் பக்கம்தானே குடித்தது, என்றார் இவர்.
உன் குழாய்தானே உடைத்தது, என்றார் அவர்.
ஆளுக்கொரு பக்கம் நின்று, சுவரைப் பார்த்து,
பதினொரு வருடத்தின் முதல் பேச்சு.

நடுவில் பிசின் இன்னும் இளக்கமாகத்தான் இருந்தது.
கம்ப்ரஸரை அணைத்தேன்,
இன்னும் தெளிவாகக் கேட்கட்டும் என்று.