வாடகைச் சுரத்தாள்கள்

வாடகைக்கு எடுத்த சுரத்தாள்களை
எழுத்தில்லாமல் திருப்ப வேண்டும்,
பதிப்பகத்தின் நிபந்தனை.
ஆகவே லீல் நகரில், அரங்கத்துக்குக் கீழ் அறையில்
முப்பத்தொரு வருடம்
கெர்வெல்லாவின் பென்சிலை அழித்தேன்.

ஓரத்தில் மூக்குக்கண்ணாடிப் படம்: என்னைப் பார்.
ஹார்ன்காரர்களே, இது உங்கள் வீட்டுக் கல்யாணமல்ல.
மெதுவாக. இன்னும். சொல்கிறேனே.
ரப்பர் துகள் மடியில் உதிரும்,
மேலே கைதட்டல்
தகரத்தில் மழை மாதிரி.

குச்சிக்குச் சத்தம் கிடையாது.
அதை வைத்துத் தொண்ணூறு பேரின் மூச்சைப்
பிடித்து நிறுத்தியவர்
தன் ஒரே சிம்பொனியை நடத்த அனுமதி கேட்டு
பதினோரு கடிதம் எழுதினார்.
கிடைத்தது ஒரு பிப்ரவரி செவ்வாய்.
ரயில் வேலைநிறுத்தம். பாதி நாற்காலி காலி.
இரண்டாம் ஓபோ வரவேயில்லை.
அந்த வரியை அவரே முனகினார்,
நாளிதழ் அதை இருமல் என்றது.

அவர் இறந்த வாரம் அந்தக் கட்டைப் பிரித்தேன்.
சொந்தத் தாள்கள், யாருக்கும் திருப்ப வேண்டியதில்லை.
ஓபோவின் பக்கத்தில் மட்டும் பென்சில்:
ஒடில், எப்போது வந்தாலும்
இங்கிருந்து சேர்ந்துகொள்.

ரப்பரை இழுப்பறையில் போட்டேன்.
சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது.