முக்கால் ரிவெட்

பாலத்தில் இன்றும் மூடுபனி.
பத்து மணிக்குத்தான் ஸ்பிட்ஃபயரின் மூக்கு தெரிந்தது,
பதினொன்றுக்கு மிச்சம்.
ஏணி, டார்ச், தடிமன் அளக்கும் கருவி,
பிளாஸ்கில் ஆறிய டீ.
வலது இறக்கை என் பங்கு.

பார்க்க வருகிறவர்கள் அழகு என்பார்கள்.
எட்டுத் துப்பாக்கியும் மடக்கிய சக்கரமும்
மெல்லிய இறக்கைக்குள் அடங்க வேண்டியிருந்தது,
அதனால் வளைத்தார்கள்.
நுனிக்குப் போகப் போக ஒரு சிறு முறுக்கு:
விழப்போகும் முன்
இறக்கையின் அடி நடுங்கிச் சொல்லிவிடும்.
தரையில்தான் சமர்த்துப் போதாது.
ஒடுங்கிய கால், நீண்ட மூக்கு,
எதிரே இருப்பது தெரியாமல்
நெளிந்து நெளிந்தே ஓடுபாதைக்குப் போகும்.

வர்ணத்தில் கருவியை வைத்தேன்.
இரண்டு அரசாங்கத் தடிமன்.

ரிவெட் தலை தகட்டோடு படிந்திருந்தால் வேகம்,
குமிழாக நின்றால் மலிவு.
எங்கே எது போதும் என்று பார்க்க
சோதனை விமானத்தில்
உடைத்த பட்டாணியைப் பசை வைத்து ஒட்டினார்களாம்.
பறந்து இறங்கி ஒரு வரிசை சுரண்டி,
மறுபடி பறந்து.
ராத்திரி பருப்பு களையும்போதும்
எனக்கு அதே நினைப்பு.

போன ஞாயிறு, தரியாகஞ்ச்.
கிலோ கணக்கில் வாங்கிய பழைய தாளுக்குள்
ஒரு மில் கூலிச்சீட்டு:
மங்த்தூ ராம், நூற்புப் பிரிவு, 1941.
தாமதம், இரண்டணா.
நூல் அறுந்தது, ஓரணா.
விமான நிதி, நாலணா.
கீழே கைநாட்டு.
கேட்டுக் கொடுத்தானா, கேட்காமல் பிடித்தார்களா,
சீட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

சீமையில் அன்று நிதிக்காக அச்சடித்த விலைப்பட்டியலில்
ஒரு ரிவெட் ஆறு பென்ஸ்.
ரூபாய்க்குப் பதினெட்டு பென்ஸ்,
நாலணாவுக்கு நாலரை.
ஏணிமேல் நின்றபடி இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன்,
முக்கால் ரிவெட்தான் வருகிறது.

அவன் காசில் செய்தது இந்த விமானம் இல்லை, தெரியும்.
இது பிற்பாடு வந்தது.
அவனுடையது எந்தக் கடலின் அடியில் கிடக்கிறதோ,
உருக்கி எவர் வீட்டுச் சட்டியானதோ.
ஆனாலும் டார்ச் அடித்து
ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டு போனேன்.
நாற்பத்தோராவது கொஞ்சம் தேய்ந்திருந்தது.

படிவத்தில் 'உரிமையாளர்' என்ற இடத்தில்
இந்திய விமானப்படை என்றே எழுதினேன்.
குறிப்புப் பகுதியில்:
வலது இறக்கை, ரிவெட் 41,
முக்கால் பங்கு மங்த்தூ ராம்.

சார்ஜென்ட் தேஸ்வால் கண்ணாடியை ஏற்றிப் படித்தார்.
அடிக்கப் பேனாவை எடுத்தவர்
மூடியைத் திருப்பி மாட்டிவிட்டு,
"மீதிக் கால் யாருது?" என்றார்.