கோதையாறு, ஐப்பசி

ஐப்பசி பிறந்து மூன்றாம் நாள்
பாத்தியில் மழைத்தண்ணீர் நின்றது.
மேஸ்திரி நோட்டை மடக்கி
"தை கழியட்டும், பாப்போம்" என்றார்.
உப்பளக்காரிக்கு மழைதான் லீவு.
கூலி கிடையாத லீவு.

"நம்ம பொழப்பைக் கெடுக்கிற மழை
எங்கேருந்துதான் வருதுன்னு
போய்ப் பாத்துட்டு வருவமாட்டீ?"
ஜெயக்கனி கேலிக்குத்தான் கேட்டாள்.
நான் சீட்டுப்பணத்தில் அறுநூறு எடுத்துவிட்டேன்.

வடசேரியில் ஒருவர்,
"கோதையாறா, அங்க என்ன இருக்கு?" என்றார்.
அவரேதான் ஓடிப்போய்
கிளம்பிய பஸ்ஸைத் தட்டி நிறுத்தியும் தந்தார்.

குலசேகரம் தாண்டியதும்
ஆட்கள் குறைந்து சாமான் மிஞ்சியது.
முன்சீட்டில் ரொட்டிக்கட்டு,
கோழித்தீவனம்,
பெயர் எழுதிய கவரில் யாருக்கோ சர்க்கரை மாத்திரை.
வளைவுக்கு வளைவு ஒரு குடை காத்திருக்கும்.
கண்டக்டர் கை நீட்டுவார், குடை வாங்கிக்கொள்ளும்.
பஸ் நிற்பதில்லை,
கொஞ்சம் யோசிக்கும், அவ்வளவுதான்.

வழி நெடுக றப்பர் மரங்கள்,
ஒவ்வொன்றின் இடுப்பிலும் பிளாஸ்டிக் பாவாடை.
சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.
எதிரே மலை என்றார்கள்.
நம்பினோம்.

இறங்கிய கொஞ்ச நேரத்தில்
கீழே எங்கோ மரம் சாய்ந்து
பஸ்ஸும் நாங்களும் அங்கேயே.
டெல்பின் கடையில் மரச்சீனிக் கிழங்கு,
கண்ணில் நீர் வரவைக்கும் காந்தாரிச் சம்மந்தி,
கட்டன்சாயா.
பெஞ்சில் பால்வெட்டுகாரர் தங்கையன்,
பதினெட்டு நாளாக அந்த பெஞ்சில்தானாம்.
"பட்டை நனைஞ்சா பாலு சிரட்டைக்கு வராது கேட்டியளா,
மரம் முழுக்க வழிஞ்சு போவும்."
"எங்களுக்கு விளைஞ்சதே கரைஞ்சு போவும்"
என்றாள் ஜெயக்கனி.
யாருக்கு நஷ்டம் கூடுதல் என்று
இரண்டு பேரும் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது
அவள் கணுக்காலில் கறுப்பாக ஏதோ தடித்திருந்தது.

அலறினாள்.
டெல்பின் அசையாமல், "அட்டைதானே,
உப்பு வையுங்க" என்று
பொட்டலத்தை நகர்த்தினாள்.
பொட்டலத்தில் எங்கள் ஊர்ப் பெயர்.
கல்லுப்பை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள் ஜெயக்கனி,
ரத்தம் வழிகிற காலை மறந்துவிட்டு.
"நம்ம பக்கத்துச் சரக்குடீ. சித்திரை வாரினது,
மணியைப் பாத்தாத் தெரியல?"
அட்டை சுருண்டு விழுந்தது.
தங்கையன் அதற்குத்தான் முதல்முறையாகச் சிரித்தார்.

ராத்திரி கடையின் பின்னறையில் படுத்தோம்.
தகரத்தில் விழுந்த சத்தத்தில்
பேசியது பாதிதான் கேட்டது.
மீதியை நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை.

காலையில் டெல்பின் ஒரு டின்னைத் தந்தாள்,
மூடியைச் சுற்றி சைக்கிள் டியூப்.
"குலசேகரத்துல என் தங்கச்சி நிப்பா.
மஞ்சக் குடை."
எங்களை அவளுக்கு ஒரு ராத்திரிதான் தெரியும்.
மடியில் வைத்துக்கொண்டே வந்தேன்,
நல்லமிளகு வாசம் அடித்தது.
அணை வந்ததா போனதா தெரியாது.
டின் நனையக்கூடாதே என்றிருந்தது.

குலசேகரத்தில் மஞ்சள் குடைகள் மூன்று.
ஒன்றிலிருந்து ஒரு கை உயர்ந்தது.
ஜன்னல் வழியாகக் கொடுத்தேன்.
முகம் குடைக்குள்ளேயே இருந்தது.
யார் நீங்கள் என்று கேட்கவில்லை,
"மேல மழை உண்டா?" என்று மட்டும் கேட்டாள்.

"உண்டு" என்றோம் இருவரும்,
அந்த ஊர்க்காரிகள் மாதிரி.